போர்த்தியேரே: இலக்குக் காப்பாளரா, வாயில்காவலரா?

இத்தாலி கால்பந்து கோல்கீப்பர் ஜியான்லூயிஜி புஃபோன் பத்தி நேத்து ஒரு கட்டுரை படிச்சேன், அதுலயும் கோல்கீப்பரைத் தமிழ்ல "தலைசிறந்த இலக்குக் காப்பாளர்"னுதான் போட்டிருக்கு. எத்தனையோ தடவை பாத்துட்டு விட்டாச்சு, இந்தத் தடவை எழுதாம இருக்க முடியல. 1995ல பார்மா கிளப்புக்காக 17 வயசுல மிலான் டீமை கோல் போடவிடாம நின்னு, 2023ல 45 வயசுல அதே பார்மாவுல கையுறைய கழட்டின மனுஷன், அவருக்கு இப்படி ஒரு பேரா?

வேர் இவ்வளவுதான்: ஆங்கிலத்துல கோல்னா முதல்ல எல்லை, ஓட்டப்பந்தயம் முடியுற இடம், லட்சியம்ங்கிற பொருள் அப்புறம் வந்தது. இத்தாலிக்காரங்க அந்தப் பக்கமே போகல. அவங்களுக்கு கோல் போஸ்ட் "போர்த்தா", அதாவது வாசல். அங்க நிக்கிறவர் "போர்த்தியேரே".

இலக்குங்கிறது குறி பாக்குறவனோடது. அடிக்கிறவனுக்கு இலக்கு உண்டு, தடுக்கிறவருக்கு ஏது? அதே ஸ்போர்ட்ஸ் பக்கத்துல மேல "180 ரன் இலக்கு", கீழ "இலக்குக் காப்பாளர்", விக்கெட்டையும் சிலர் இலக்குன்னே எழுதுறாங்க, படிக்கிற பையன் எதைன்னு புரிஞ்சுக்குவான். காப்பாளர்னாலோ நமக்கு ஹாஸ்டல் வார்டன்தான் ஞாபகம் வரும்.

"வலைகாப்பாளர்"னு இன்னொரு கட்சி. 2006 உலகக் கோப்பை பைனல், பெர்லின், 7வது நிமிஷம், பிரான்ஸோட ஜிடான் பெனால்டிய மெதுவா தூக்கி விடுறார், புஃபோன் ஒரு பக்கம் பாய்ஞ்சாச்சு, பந்து மேல்கட்டையோட அடிப்பக்கம் பட்டு கோட்டுக்கு உள்ள விழுந்து வெளியவே துள்ளி வந்துருச்சு. கோல்தான். வலையில போய் தங்கணும்னு விதி இல்ல, கோட்டை முழுசா தாண்டினா போதும். ரெண்டு நிலைக்கால், மேல ஒரு கட்டை, கீழ படி மாதிரி ஒரு கோடு, இது வாசல் இல்லாம வேற என்ன?

அதனால வாயில்காவலர். வாட்ச்மேன் மாதிரி இருக்குன்னு முகம் சுளிக்கிறவங்களுக்கு: இத்தாலியில அபார்ட்மென்ட் வாசல்ல இருக்கிறவரும் போர்த்தியேரேதான், உலகக் கோப்பை ஜெயிச்ச புஃபோனும் போர்த்தியேரேதான், அங்க யாரும் கௌரவக் குறைச்சலா நினைக்கல. நமக்கும் இது புதுசில்ல, கண்ணகி பாண்டியன் அரண்மனை முன்னாடி நின்னு கூப்பிட்டதே "வாயிலோயே"ன்னுதான். கிரவுண்டுல "கோலி"ன்னே கூப்பிடட்டும், அதுல எனக்கு சண்டை இல்ல.

மொழிபெயர்க்கிறவங்க ஆங்கிலத்தை மட்டும் பாத்து எழுதுறதுதான் எல்லாத்துக்கும் காரணம். கோல் விடாத மேட்சுக்கு ஆங்கிலத்துல "கிளீன் ஷீட்", அதை அப்படியே "சுத்தமான தாள்"னு எழுதுறாங்க, எந்தத் தாள், யார் சுத்தம் பண்ணாங்க? இத்தாலியன்ல அதுக்கு "போர்த்தா இன்வியோலாத்தா", யாரும் மீறி நுழையாத வாசல். 2015-16 சீசன்ல இத்தாலியோட முதல்நிலை லீக்கான சீரி ஆவுல புஃபோன் அந்த வாசலை 974 நிமிஷம் பூட்டியே வெச்சிருந்தார், பத்து மேட்ச் வரிசையா ஒரு பந்து உள்ள போகல, கடைசியில 2016 மார்ச் 20 அன்னிக்கு டொரினோ டீமோட பெலோட்டி பெனால்டி அடிச்சுத்தான் தொறந்தார்.