அசல் சோல் ரெக்கார்டை எப்படி அடையாளம் காண்பது?

1960களில் அமெரிக்காவில் வெளியான, கறுப்பின அமெரிக்கர்கள் வளர்த்த சோல் இசையின் ஒரு ரெக்கார்டு கைக்கு வந்தால், நாம் முதலில் பார்ப்பது நடுவில் இருக்கும் லேபிளைத்தான். போலி ரெக்கார்டு போட்டவர்களும் முதலில் நகலெடுத்தது அதைத்தான். லேபிள் ஒரு வட்டக் காகிதம், அவ்வளவே. அச்சகம் வைத்திருக்கும் யாரும் அதைப் போல ஒன்றை அடித்துவிடலாம். ஆனால் அந்தத் தட்டு எந்த ஆலையில், எந்தப் பிளாஸ்டிக்கில், எந்த உலோக அச்சிலிருந்து வந்தது என்பதை மறைப்பது அவ்வளவு சுலபமில்லை. அசலையும் பின்னால் வந்ததையும் பிரிக்கிற வேலை பெரும்பாலும் இதன் மேல்தான் நிற்கிறது.

ஒரு ரெக்கார்டு உருவாகும் விதத்திலிருந்து தொடங்கலாம். ஸ்டுடியோவில் டேப்பில் பதிவான பாட்டை, லாக்கர் பூசிய ஓர் அலுமினியத் தட்டில் வெட்டுவார்கள். சூடாக்கப்பட்ட ஒரு கூர்மையான ஊசி, பாட்டின் அதிர்வுக்கு ஏற்ப அசைந்தபடி லாக்கரில் சுருள் பள்ளத்தைச் செதுக்கிக்கொண்டே போகும். அந்த லாக்கரின் மேல் மெல்லிய வெள்ளிப் படலம் தெளித்து, மின்முலாம் முறையில் நிக்கல் வளர்ப்பார்கள். உரித்தெடுத்தால் பள்ளங்கள் மேடுகளாக இருக்கும் ஓர் உலோகத் தட்டு கிடைக்கும். அதிலிருந்து ‘மதர்’ என்கிற இன்னொரு தட்டு, மதரிலிருந்து ‘ஸ்டாம்பர்’. இந்த ஸ்டாம்பர்தான் அழுத்தும் இயந்திரத்தில் ஏறும். அது தேய்ந்ததும் மதரிலிருந்து புதிதாக ஒன்று எடுப்பார்கள்.

பாட்டு முடிந்த பிறகு, லேபிளுக்கு முன்னால் இசையே இல்லாத ஒரு வழவழப்பான வளையம் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் அதை டெட் வாக்ஸ் என்பார்கள். லாக்கரை வெட்டியவர், முலாம் பூசியவர், ஆலைக்காரர் என்று ஒவ்வொருவரும் தங்கள் வேலைக்கான எண்ணையோ முத்திரையையோ அங்கே விட்டுச் செல்வார்கள். கேட்பவருக்காக எழுதப்பட்டதல்ல அது. ஆலைக்குள் எந்த அச்சு எந்தப் பாட்டுக்கு உரியது என்று குழம்பாமல் இருப்பதற்காக எழுதியது. அதனாலேயே அதை நம்பலாம். நல்ல வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸோடு பார்த்தால் போதும், நிறைய விஷயம் வெளியே வரும்.

மிச்சிகனில் ஓவாசோ என்ற ஊரில் அமெரிக்கன் ரெக்கார்ட் பிரஸ்ஸிங் என்று ஓர் ஆலை இருந்தது. டெட்ராயிட்டின் மோடவுன் நிறுவனத்தின் லேபிள்களுக்கு (ரெக்கார்டு வெளியிடும் பெயர்களையும் லேபிள் என்றே சொல்வார்கள்) ஏராளமான தட்டுகளை அழுத்திக் கொடுத்த ஆலை அது. அங்கிருந்து வந்தவற்றின் டெட் வாக்ஸில் ‘ஏ.ஆர்.பி.’ என்ற சிறிய முத்திரை இருக்கும். 1972ல் தீ விபத்தில் அந்த ஆலை அழிந்தது. ஆக, 1960களின் ஒரு டெட்ராயிட் பாட்டின் தட்டில் இந்த முத்திரை ஒழுங்காகப் பதிந்திருந்தால், அது அந்தக் காலத்துத் தட்டு என்பதற்கு வலுவான சாட்சி. லேபிளில் எத்தனை வரி எழுதினாலும் இந்த அளவுக்கு உறுதி வராது.

லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த மோனார்க் ஆலைக்கு வேறு வழக்கம். ஒவ்வொரு வேலைக்கும் வரிசையாக ஓர் எண் கொடுத்து, அதற்கு முன்னால் ஒரு சிறு முக்கோணம் போடுவார்கள். இரண்டாம் பக்கத்துக்கும் அதே எண்தான், கடைசியில் ‘எக்ஸ்’ மட்டும் சேரும். எண்கள் ஏறுவரிசையில் போவதால், தேதி தெரிந்த சில ரெக்கார்டுகளை வைத்து மற்றவற்றின் காலத்தைக் கணித்துவிடலாம். 1965ல் வெளியானதாகச் சொல்லும் ரெக்கார்டில் பல வருடம் தள்ளிப்போன எண் இருந்தால், அது பின்னால் அழுத்தியது.

இங்கே புதிதாக வருபவர்கள் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. அமெரிக்கா பெரிய நாடு. ஒரு பாட்டு ஓடும் என்று தெரிந்தால் கிழக்குக் கரை, நடுப்பகுதி, மேற்குக் கரை என்று பல ஆலைகளில் ஒரே சமயத்தில் அழுத்துவார்கள். லேபிளின் எழுத்துரு, நிறத்தின் அழுத்தம், பிளாஸ்டிக் எல்லாமே ஆலைக்கு ஆலை மாறும். எல்லாமே அசல்தான். “இது என்னிடம் இருப்பதைப் போல இல்லை, அதனால் போலி” என்ற முடிவு பல நல்ல ரெக்கார்டுகளைக் குப்பைக்கு அனுப்பியிருக்கும்.

சரி, சோல் ரெக்கார்டுகளில் மட்டும் போலிகள் ஏன் இவ்வளவு? காரணம் அமெரிக்காவில் இல்லை, வட இங்கிலாந்தில் இருக்கிறது. மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், பிறகு 1973 முதல் 1981 வரை நடந்த விகன் கசினோ போன்ற நடன அரங்குகளில், சொந்த நாட்டில் விற்காமல் போன வேகமான சோல் பாடல்களைத் தேடித் தேடிப் போட்டார்கள். ‘நார்தர்ன் சோல்’ என்று பேரே வந்துவிட்டது. எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு மதிப்பு. போட்டி டி.ஜே.க்களுக்குத் தெரியாமல் இருக்க லேபிளை மறைத்து, வேறு பாடகர் பெயரைச் சொல்லிப் போடுவதும் நடந்தது. கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில், பிரதிகளோ விரல்விட்டு எண்ணும் அளவில். அந்த இடைவெளியில்தான் அனுமதியில்லாத நகல்கள் புகுந்தன.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஃபிராங்க் வில்சன். மோடவுனில் பாட்டெழுதி, தயாரித்துக்கொண்டிருந்தவர். 1965ல் அவரே பாடிய ‘டூ ஐ லவ் யூ’ மோடவுனின் ‘சோல்’ லேபிளில் வெளிவரத் தயாராகி, பிறகு கைவிடப்பட்டது. மாதிரித் தட்டுகளில் மிகச் சிலதான் தப்பின. 1970களில் இங்கிலாந்தில் அது எடி ஃபாஸ்டர் என்ற வேறொருவர் பெயரில் போலியாக வந்தது. 1979ல் மோடவுனின் இங்கிலாந்து லேபிளான டாம்லா மோடவுன் முறையாக வெளியிட்டது. அசல் பிரதி ஒன்று 2009ல் 25,742 பவுண்டுக்கு ஏலம் போனது. ஒரே பாட்டுக்கு அசல், போலி, முறையான மறுவெளியீடு என்று மூன்று பிறவி. போலி விற்ற காசில் ஒரு பென்னிகூடப் பாடியவருக்குப் போகவில்லை என்பதுதான் எனக்கு இதில் பெரிய வருத்தம். முறையான மறுவெளியீட்டைக் குறைத்துப் பேசுவதில் அர்த்தமே இல்லை. அசல் விலைக்கு அதை விற்பதுதான் தவறு.

அடுத்த சாட்சி பிளாஸ்டிக். அமெரிக்க 45கள், அதாவது நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய ரெக்கார்டுகள், எல்லாமே வினைல் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மோனார்க், கொலம்பியா ரெக்கார்டு நிறுவனத்தின் நியூ ஜெர்சி பிட்மன் ஆலை போன்றவை ஏராளமான 45களைப் பாலிஸ்டைரீனில் (சுருக்கமாக ஸ்டைரீன்) செய்தன. வினைல் என்பது சப்பாத்தி மாவு உருண்டையைப் பலகையில் வைத்து அழுத்துவது மாதிரி: சூடான கட்டியை இரண்டு ஸ்டாம்பர்களுக்கு நடுவே வைத்து நசுக்குவார்கள், ஓரத்தில் பிதுங்குவதை வெட்டிவிடுவார்கள், லேபிளும் அதே அழுத்தத்தில் சேர்ந்து பதிந்துவிடும். ஸ்டைரீனை உருக்கி, மூடிய அச்சுக்குள் பாய்ச்சுவார்கள். வெட்ட வேண்டிய பிசிறே இருக்காது. லேபிளைப் பெரும்பாலும் பிறகு பசை போட்டு ஒட்டுவார்கள். வேகமான வேலை, ஸ்டாம்பரும் நீண்ட நாள் உழைக்கும், அதனால் செலவு குறைவு.

இந்த இரண்டையும் கையாலேயே பிரிக்கலாம். ஸ்டைரீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.05 கிராம், வினைலுக்கு 1.35க்கு மேல். அதனால் ஸ்டைரீன் தட்டு இலேசாக இருக்கும், வளையாது. நகத்தால் ஓரத்தை மெல்லத் தட்டினால் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். வினைல் மந்தமாக ஒலிக்கும். மேஜர் லான்ஸ் பாடிய 1963, 64 காலத்து ‘ஓகே’ லேபிள் தட்டுகளைப் பார்த்தால், கடைக்கு வந்தவை பெரும்பாலும் ஸ்டைரீன்தான். ‘ஓகே’ என்பது கொலம்பியா குடும்பத்து லேபிள். அப்படிப்பட்ட ஒரு பாட்டு கனமான வினைலில் வந்து, டெட் வாக்ஸில் இயந்திரத்தால் குத்தப்பட்டிருக்க வேண்டிய எண் கைக்கிறுக்கலாக இருந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் நிறைய யோசிக்க வேண்டும். 1970களில் இங்கிலாந்துச் சந்தைக்காகப் போலி போட்டவர்கள் பாட்டை நகலெடுத்தார்கள், லேபிளை நகலெடுத்தார்கள். ஆனால் ஸ்டைரீன் ஆலை எல்லோருக்கும் கிடைத்திருக்காது.

லேபிளையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை, எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம். அந்தக் கால லேபிள்கள் பலவற்றில் எழுத்து உலோக அச்செழுத்தால் நேரடியாக அடிக்கப்பட்டது. விளிம்புகள் கூர்மையாக இருக்கும். போலியில் லேபிளைப் படம்பிடித்து அச்சடித்திருப்பார்கள். லென்ஸில் பார்த்தால் எழுத்து தடித்து, ‘ஏ’, ‘ஈ’ மாதிரி ஆங்கில எழுத்துகளின் உள்வெளி அடைபட்டிருக்கும். ஒரே மையில் நிரப்பிய நிறமாக இருக்க வேண்டியது, பல நிறச் சிறு புள்ளிகளாகச் சிதறித் தெரியும்.

லேபிளில் இருக்கும் தகவலும் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் கோடு 1963ல்தான் வந்தது. அதற்கு முன் ‘டெட்ராயிட் 8, மிச்சிகன்’ என்பது போலத்தான் முகவரி இருக்கும். மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1968 வரை அதன் ரெக்கார்டுகளை அட்லாண்டிக் என்ற ரெக்கார்டு நிறுவனம் விநியோகித்தது. லேபிள் நீல நிறம், மேலே ரெக்கார்டுகளை அடுக்கிவைத்த படம். அந்த வருடம் இருவரும் பிரிந்தபோது, ஒப்பந்தப்படி அதுவரை வெளிவந்த பாடல்களின் உரிமை அட்லாண்டிக்கிடமே தங்கிவிட்டது. ஸ்டாக்ஸ் விரல் சொடுக்கும் படத்தோடு புது லேபிளில் தொடங்கியது. 1966ல் வந்த எடி ஃபிளாய்டின் ‘நாக் ஆன் வுட்’ விரல் சொடுக்கும் லேபிளில் கிடைத்தால், அது அசல் என்று யாரும் சொல்ல முடியாது. அட்லாண்டிக்கின் எல்.பி.க்களிலும் (பல பாட்டுகள் கொண்ட பெரிய ரெக்கார்டுகள்) இதே மாதிரி, ‘75 ராக்ஃபெல்லர் பிளாசா’ என்ற முகவரி 1970களின் நடுவில் வந்தது. அரீதா ஃபிராங்க்ளினின் 1967 ஆல்பத்தில் அது இருந்தால் பின்னால் அழுத்தியதுதான். அட்டையில் பார்கோடு இருந்தால் பேச்சே தேவையில்லை.

இனி காதுக்கு வருவோம். போலிகளில் பலவற்றுக்கு மூல டேப் கிடையாது. ஓர் அசல் தட்டை ஓடவிட்டு, அந்த ஒலியை மறுபடி லாக்கரில் வெட்டியவை. 45 சுழற்சியில், தட்டின் உட்புறத்தில் பள்ளம் ஊசிக்குக் கீழே நொடிக்கு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் அதிர்வின் ஓர் அலை அங்கே ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு நீளத்துக்குள் அடங்க வேண்டும். ஊசிமுனையின் பருமனும் கிட்டத்தட்ட அதே அளவு என்பதால், நுண்ணிய ஒலிகள் முதலில் தொலைவதும் தேய்வதும் இங்கேதான். நகல் அந்த இழப்பை அப்படியே சுமந்துகொண்டு, தன் இழப்பையும் சேர்த்துக்கொள்ளும். டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் என்ற உலோகத் தாளத்தின் ஒலி மங்கும், ‘ஸ்’ என்ற ஒலி கரகரக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. பாட்டில் எங்காவது ‘டிக்’ என்று கேட்டால், அந்த இடத்தைத் தட்டில் தேடிப் பாருங்கள். கீறல் இருந்தால் அது இந்தத் தட்டின் காயம். சுத்தமாக மின்னுகிற பள்ளத்திலிருந்து ‘டிக்’ வருகிறதென்றால், அது பெரும்பாலும் வேறொரு தட்டின் காயம், ஒலியாகப் பதிந்து வந்திருக்கிறது. அதே போல, ஊசி இறங்கியதும் கேட்கும் இரைச்சல், பாட்டு தொடங்கச் சில நொடிகள் முன் திடீரென்று கூடினாலும் நகலாக இருக்கலாம். 1960களின் சோல் 45கள் பெரும்பாலும் மோனோ (இரண்டு ஒலிபெருக்கியிலும் ஒரே ஒலி) என்பதால், ஸ்டீரியோவில் (இரண்டிலும் வேறு வேறு ஒலி) ஒலிக்கும் தட்டும் பின்னால் வந்ததாகவே இருக்க வாய்ப்பு.

கடினமானது ஒன்று மிச்சமிருக்கிறது. இங்கிலாந்தில் தேவை எழுந்ததும், சில சிறு லேபிள்களின் பழைய ஸ்டாம்பர்களையே எடுத்து மறுபடி அழுத்தியிருக்கிறார்கள். அப்போது டெட் வாக்ஸ் எழுத்து ஒரு கோடுகூட மாறாது, ஒலியும் அசலின் ஒலியே. பிளாஸ்டிக்கின் எடை, லேபிள் காகிதம், மையின் நிறம் ஆகியவற்றை ஐயமில்லாத ஓர் அசல் பிரதியோடு பக்கத்தில் வைத்துத்தான் பிரிக்க முடியும். அந்த இன்னொரு பிரதியைப் பார்க்க வழியில்லை என்றால், அசல் விலை கொடுக்காமல் இருப்பது நல்லது.