டெஸ்ட்டுன்னு சொன்னாரே, எந்த டெஸ்ட்டு?

தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார்: "அண்ணா, ட்ரம்ப் அணுகுண்டு வெடிக்கச் சொன்னாரா, இல்ல ஏவுகணை விடச் சொன்னாரா? எங்க சித்தப்பாவுக்கும் எனக்கும் குடும்ப குரூப்ல ஒரு வாரமா இதே சண்டை, இப்ப அவர் என் மெசேஜுக்கு பதிலே போடறதில்ல." இதுல ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல. சொன்ன வாக்கியமே ரெண்டு பக்கமும் இழுக்கற மாதிரிதான் இருந்துச்சு.

2025 அக்டோபர் 30, தென்கொரியாவுல சீன அதிபர் ஷி ஜின்பிங்கை சந்திக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி ட்ரம்ப் ஒரு பதிவு போட்டார். மத்த நாடுங்க சோதனை பண்றதால நாமளும் அவங்களுக்குச் சமமா நம்ம அணு ஆயுதங்களை டெஸ்ட் பண்ணணும்னு ராணுவத் துறைக்கு உத்தரவு போட்டிருக்கேன், உடனே ஆரம்பிக்கும்னு. இப்ப பாருங்க, அமெரிக்காவுல குண்டோட அணு பாகத்தை பாத்துக்கறது எரிசக்தித் துறை, ராணுவம்கிட்ட இருக்கறது ஏவுகணை. அப்ப ராணுவத்துக்கு உத்தரவுன்னா ஏவுகணை டெஸ்ட்டுதானேன்னு தம்பி கட்சி. ஆனா "அணு ஆயுதத்தை டெஸ்ட் பண்ணு"ன்னு சொன்னா 1992 செப்டம்பர் 23க்கு அப்புறம் நெவாடா பாலைவனத்துல நின்னுபோன நிலத்தடி வெடிப்பு திரும்ப வருதுன்னுதான் அர்த்தம், இது சித்தப்பா கட்சி. மூணு நாள் கழிச்சு எரிசக்தி அமைச்சர் கிறிஸ் ரைட் டிவில வந்து இது சிஸ்டம் டெஸ்ட்டுதான் (குண்டோட மத்த பாகங்களை சரிபாக்கறது), அணு வெடிப்பு இல்ல, நான்கிரிட்டிக்கல் வெடிப்புன்னு விளக்கம் குடுத்தார். துறைக்காரங்க வழக்கமா சொல்றது சப்-கிரிட்டிக்கல், இவர் வேற வார்த்தை போட்டதும் அதுக்கும் தனியா ஒரு சண்டை கிளம்பிடுச்சு.

ஏவுகணை விடறதை விட்டுடலாம், அது எல்லாருக்கும் புரியும். வெடிப்பு, ஆனா அணு வெடிப்பு இல்லன்னா என்னங்கறதுதான் விஷயம். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

தீபாவளி சரவெடியை நினைச்சுக்கோங்க. ஒரு வெடி வெடிச்சு அடுத்த ஒண்ணை பத்தவைக்குது, அது அடுத்த ஒண்ணை. ஒண்ணுக்கு ஒண்ணு. இப்ப ஒவ்வொரு வெடியும் ரெண்டு வெடியைப் பத்தவைக்கற மாதிரி சரம் கட்டினா? 2, 4, 8, 16ன்னு போயிட்டே இருக்கும். அணுகுண்டுக்குள்ள இருக்கற புளூட்டோனியத்துல வெடிக்கு பதிலா அணு, திரிக்கு பதிலா நியூட்ரான். ஒரு அணு பிளந்தா ரெண்டு மூணு நியூட்ரான் வெளிய வரும், அதுல சிலது எதையும் தொடாம தப்பிச்சுப் போயிடும், மிச்சம் அடுத்த அணுக்களைப் பிளக்கும். சராசரியா எத்தனை அடுத்த பிளவு நடக்குதோ அந்த எண்ணுக்கு "கே" (k) அப்படின்னு பேரு. கே 2ன்னு வெச்சா ஒரு தலைமுறைக்கு, அதாவது ஒரு சுத்து பிளவுக்கு, ஒரு செகண்டுல பத்து கோடில ஒரு பங்குதான் ஆகும், 80 தலைமுறைக்குள்ள கிட்டத்தட்ட ஒரு கிலோ புளூட்டோனியத்துல இருக்கற மொத்த அணுவும் பிளந்துடற கணக்கு வந்துடும். ஒரு மைக்ரோ செகண்டு கூட ஆகாது!

இப்ப சரம் நமத்துப்போச்சுன்னு வைங்க. பத்து வெடில ஒம்போதுதான் அடுத்ததைப் பத்தவைக்குது, கே 0.9. ஆயிரம் நியூட்ரானோட ஆரம்பிச்சா பத்தாவது தலைமுறைல 349, அம்பதாவதுல வெறும் 5, அப்படியே அணைஞ்சுடும். சப்-கிரிட்டிக்கல் சோதனை இதுதான். நெவாடாவுல கிட்டத்தட்ட ஆயிரம் அடி ஆழத்துல சுரங்கம் இருக்கு, அங்க கனமான உலோகக் கலத்துக்குள்ள கொஞ்சம் புளூட்டோனியத்தை சாதாரண வெடிமருந்தால அடிச்சு நசுக்கி, அது எப்படி குழையுது சிதறுதுன்னு எக்ஸ்ரேல படம் பிடிக்கறாங்க. புளூட்டோனியம் இருக்கு, வெடியும் இருக்கு, ஆனா கே 1ஐத் தொடவே விடமாட்டாங்க. 1997லேர்ந்து 30 தடவைக்கு மேல பண்ணிட்டாங்க, நமக்கு தலைப்புச் செய்தியா வந்ததே இல்ல.

அப்ப கோடு கே 1ல இருக்கு. 1996ல வந்த சோதனைத் தடை ஒப்பந்தம் அணு வெடிப்பே கூடாதுன்னு சொல்லுது, ஆனா அணு வெடிப்புன்னா என்னன்னு அந்த ஒப்பந்தத்துல எங்கயும் விளக்கம் கிடையாது. கே 1ஐத் தாண்டி தானா ஓடற தொடர்வினை எதுவுமே கூடாதுன்னுதான் அமெரிக்கா அதைப் படிக்குது. 2019 மே மாசம் அமெரிக்க ராணுவ உளவுத் தலைவர் ராபர்ட் ஆஷ்லி ரஷ்யா "அனேகமா" இந்தக் கோட்டை மதிக்கலைன்னு சொன்னார், கேள்வி கேட்டப்ப அவங்களுக்கு அந்தத் திறன் இருக்குன்னு சொன்னார். திறன் இருக்கறதும் செஞ்சதும் ஒண்ணா? அந்த ஒரு "அனேகமா"வை வெச்சு எத்தனை பேர் எத்தனை கட்டுரை எழுதினாங்க!

பெரிய வெடின்னா மறைக்க முடியாது. 2006ல வடகொரியா வெடிச்சது ஒரு கிலோடன்னுக்கும் (ஆயிரம் டன் டி.என்.டி வெடிமருந்து அளவு) குறைவு, அதையும் நிலநடுக்கமானிங்க பிடிச்சுது, ரெண்டு வாரம் கழிச்சு கனடாவுல யெல்லோநைஃப் ஸ்டேஷன்ல, அணு பிளக்கும்போது வர்ற செனான் வாயு மாட்டிச்சு. ஆனா கே 1.01ஐ ஒரு நொடிப்பொழுது எட்டிப்பாத்துட்டு நின்னுட்டா? சில கிலோ வெடிமருந்து அளவுதான் சக்தி வரும், இரும்புக் கலத்துக்குள்ளயே முடிஞ்சுடும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கற எந்தக் கருவிக்கும் தெரியாது. ரஷ்யாவும் சீனாவும் யாருக்கும் தெரியாம ஆழத்துல பண்றாங்கன்னு ட்ரம்ப் ஒரு பேட்டில சொன்னாரே, அதை வெளில இருந்து ஆமான்னும் சொல்ல முடியாது இல்லன்னும் சொல்ல முடியாது.

சுரங்கத்துக்குள்ள அந்தக் கலத்துக்குப் பக்கத்துலயே நியூட்ரான் எண்ணற கருவியை வெச்சு, ஒருத்தர் இடத்தை இன்னொருத்தர் வந்து பாத்தா மட்டும்தான் இதுக்கு விடை. ஏவுகணைக்கு கொட்டற பணத்துல ஒரு துளியை இந்தக் கருவிங்களுக்கு ஒதுக்கலாம்னு நான் பல வருஷமா சொல்லிட்டிருக்கேன், அந்த ஆராய்ச்சிக்கு மட்டும் எப்பவும் கை வரமாட்டேங்குது.

தம்பி, நவம்பர் 5 கலிஃபோர்னியாலேர்ந்து மினிட்மேன் ஏவுகணை விட்ட வீடியோவை "பாத்தீங்களா சித்தப்பா"ன்னு அனுப்பினதா சொன்னீங்க. அது முன்னாடியே திட்டம் போட்ட வழக்கமான ஏவல், குண்டு எதுவும் இல்லாம விட்டது. அதை வெச்சு சித்தப்பாவை மடக்காதீங்க. போன் போட்டு சரவெடிக் கணக்கை முதல்ல சொல்லுங்க.