சோதனைச் சாவடி வரைக்கும் மட்டும் போடும் சீட் பெல்ட்

நெடுஞ்சாலையை ஒட்டிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிவதால், கார் விபத்தில் சிக்கி வருபவர்களிடம், பேசும் நிலையில் இருந்தால், சீட் பெல்ட் போட்டிருந்தார்களா என்று கேட்பது எனக்கு வழக்கம். "பக்கத்து ஊருக்குத்தானே டாக்டர், அந்த ரோட்டுல செக்கிங் இருக்காது" என்பதே நான் அடிக்கடி கேட்கும் பதில். போலீஸ் நிற்கும் இடம் ஓட்டுநருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்போது, சட்டத்துக்கு அந்த நூறு மீட்டர் தூரத்தில் மட்டுமே மதிப்பு இருக்கிறது.

2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 100 ரூபாயாக இருந்த அபராதத்தை 1,000 ரூபாயாக்கியது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன. அபராதம் கூடியது நல்லதுதான். ஆனால் எங்கே, எப்போது நிறுத்துவார்கள் என்று தெரியாத நிலைதான் தொகையைவிட அதிகமாக ஓட்டுநரின் கையைப் பெல்ட்டுக்குக் கொண்டுபோகிறது என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டனில் முன்னிருக்கைகளில் பெல்ட் கட்டாயமாவதற்கு முன்பு, பல ஆண்டுகள் விளம்பரம் செய்தும் ஏறத்தாழ 40 சதவீதம் பேரே அணிந்தனர். 1983 ஜனவரி 31-இல் சட்டம் வந்ததும் அது 90 சதவீதத்தைத் தாண்டியது.

நம் ஊரில் பெரிய ஓட்டை பின்னிருக்கைதான். முன்னோக்கிய பின்னிருக்கைகளில் அமர்பவர்களும் பெல்ட் அணிய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஏற்கெனவே இருந்தும், 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் பயணித்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்த பிறகுதான் பலருக்கு அது தெரியவந்தது. இன்றும் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும் காவலரின் பார்வை பெரும்பாலும் முன்னிருக்கையோடு நின்றுவிடுகிறது. பின்னால் பாட்டியின் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கும். பெல்ட் இல்லாத பின்பயணி மோதலின்போது முன்னிருக்கையின் முதுகில் முழு வேகத்தோடு மோதுவதால், பெல்ட் போட்டு முன்னால் உட்கார்ந்தவருக்கும் அவரால் ஆபத்து.

எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதற்காகவே பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு ஓட்டுபவர்களும் உண்டு. அதற்கென்றே விற்கப்பட்ட கிளிப்புகளை நீக்குமாறு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

பெல்ட் போட்டிருந்தவரின் தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கன்றிய கோடு இருக்கும். வயிற்றினுள் காயம் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், பெரும்பாலும் அவர் நம்மோடு பேசிக்கொண்டிருப்பார். போடாதவருக்கு முழங்கால் டேஷ்போர்டில் இடித்து, தொடை எலும்பு இடுப்பு மூட்டிலிருந்து பின்னோக்கி விலகியிருப்பதைப் பார்க்கிறோம். மார்பு ஸ்டீயரிங்கில் மோதியிருக்கும். காவல் துறையிடம் நான் கேட்பது இதுதான்: சோதனை இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள், ஊருக்குள் இருக்கும் தெருக்களிலும் நிறுத்துங்கள், பின்கதவின் கண்ணாடியையும் இறக்கச் சொல்லுங்கள்.