அவசரநிலை அறிவிப்பை எப்படிப் படிக்க வேண்டும்?

ஒரு மாநகரத்தின் தொற்றுநோய்த் தடுப்புப் பிரிவில் நான் மருத்துவராகப் பணியாற்றிய காலம் அது. தட்டம்மை பரவியதால் நகர நிர்வாகம் உள்ளூர் அவசரநிலையை அறிவித்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் உதவி எண்ணுக்கு வந்த ஓர் அழைப்பு இன்றும் நினைவில் இருக்கிறது. பேசியவர் ஓர் இளம் தாய். மகனுக்குக் காய்ச்சல், முகத்தில் தொடங்கி உடம்பெங்கும் சிவந்த தடிப்பு. ஆனால் அவர் முதலில் கேட்டது மருந்தைப் பற்றியல்ல. "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் போலீஸ் பிடிக்குமா, டாக்டர்?" என்றார். அறிவிப்பைச் செய்தியில் கேட்ட மாலையிலிருந்து வீட்டுக் கதவைத் திறக்கவே பயந்திருக்கிறார்.

தடிப்பு தோன்றுவதற்கு முந்தைய மாலை அந்தச் சிறுவன் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய்வந்திருந்தான். தட்டம்மை உள்ளவர், தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பிறருக்குப் பரப்பக்கூடியவர். அந்த விழாவில் இருந்த, தடுப்பூசி போடாத குழந்தைகளுக்குத் தொற்று ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் எம்எம்ஆர் எனும் தட்டம்மைத் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்புண்டு. அந்தத் தாய் அழைத்தபோது எங்களுக்கு மீதமிருந்தது ஏறத்தாழ பத்து மணி நேரம். நோயைத் துரத்திப் பிடிப்பதற்காக வெளியிட்ட அறிவிப்பே நோயாளியை எங்கள் கண்ணிலிருந்து இரண்டு நாள் மறைத்து வைத்துவிட்டது என்பதை அன்று உணர்ந்தேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த அழைப்புதான்.

தமிழில் அந்தச் சொல்லுக்கே ஒரு சுமை இருக்கிறது. 'அவசரநிலை' என்றதும் மூத்தவர்களுக்கு 1975 ஜூனில் தொடங்கி 1977 மார்ச் வரை நீடித்த நெருக்கடி காலமும், இளையவர்களுக்கு 2020-இன் பொதுமுடக்கமும் மனத்தில் வரும். நோய்ப் பரவலின்போது ஒரு நகர அரசு அறிவிக்கும் உள்ளூர் அவசரநிலையை இந்த இரண்டோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வழக்கமான நிர்வாக விதிகளின் வேகத்தில் இந்த நோயைச் சமாளிக்க முடியாது என்று நகர நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொண்டு, பணம், பொருள், ஆள் ஆகிய மூன்றையும் விரைவாகத் திரட்டுவதற்குச் சட்டத்திடம் கேட்டுப் பெறும் தற்காலிக விலக்கே அது. பொதுமக்களுக்கான தடை உத்தரவுகள் அதைத் தொடர்ந்து வரலாம், வராமலும் போகலாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால்தான் இது புரியும். வேறொரு நோய்ப் பரவலின்போது தெருவோரங்களில் வைப்பதற்கு, காலால் மிதித்தால் தண்ணீர் வரும் கை கழுவும் தொட்டிகள் சில எங்களுக்குத் தேவைப்பட்டன. வழக்கமான முறைப்படி தேவைக் குறிப்பு எழுதி, மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டு அட்டவணை தயாரித்து, நிதிப் பிரிவின் ஒப்புதல் பெற்று, நகர மன்றக் கூட்டத்தில் வைக்க வேண்டும். கோப்பு எங்கும் தேங்காமல் நகர்ந்தாலே ஆறேழு வாரம் ஆகும். முறைகேட்டைத் தடுப்பதற்காக உருவான விதிகள் அவை. அவற்றை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கிருமிக்கு மன்றக் கூட்டத்தின் தேதி தெரியாது. அறிவிப்பில் கையொப்பம் விழுந்த மறுநாள் காலையில் ஒரே கடிதத்தில் அந்தக் கொள்முதல் முடிந்தது. செய்தியாளர்கள் அன்று கேட்டதெல்லாம் கடைகளை மூடுவீர்களா என்பதைத்தான். தொட்டிகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அறிவிப்பு வேறு, ஆணை வேறு என்பதற்கு சான் ஃபிரான்சிஸ்கோ தெளிவான எடுத்துக்காட்டு. அந்நகர மேயர் லண்டன் பிரீட் கொரோனாவுக்காக உள்ளூர் அவசரநிலையை அறிவித்தது 2020 பிப்ரவரி 25 அன்று. அன்றைக்கு அந்நகரவாசிகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று உறுதியாகியிருக்கவில்லை; முதல் இரண்டு தொற்றுகள் மார்ச் 5 அன்றுதான் அறிவிக்கப்பட்டன. எல்லோருக்கும் நினைவிருக்கும் 'வீட்டிலேயே இருங்கள்' என்ற ஆணை பிறப்பிக்கப்பட்டது மார்ச் 16 அன்று. அதைப் பிறப்பித்தவர் மேயர் அல்லர், நகரின் சுகாதார அலுவலர். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் ஆறு கவுன்டிகளும் (நம் மாவட்டங்களைப் போன்ற நிர்வாகப் பிரிவுகள்), தனக்கெனச் சுகாதாரத் துறை வைத்திருக்கும் பெர்க்லி நகரமும் ஒரே நாளில் அத்தகைய ஆணைகளை வெளியிட்டன. அறிவிப்புக்கும் ஆணைக்கும் இடைப்பட்ட மூன்று வாரங்களில் அவசரநிலை நடப்பில் இருந்தது; உணவகங்களும் திறந்திருந்தன.

அந்த மூன்று வாரங்களில் அவசரநிலையால் பயனில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சான் ஃபிரான்சிஸ்கோ இருக்கும் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஒரு நகரமோ கவுன்டியோ அவசரநிலை அறிவித்தாலே, உணவு, மருத்துவப் பொருட்கள் போன்றவற்றின் விலையை 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றி விற்பது பொதுவாக 30 நாட்களுக்குக் குற்றமாகிவிடுகிறது. முகக்கவசத்தை நாலு மடங்கு விலைக்கு விற்பவரைப் பற்றிப் புகார் கொடுக்க விரும்பும் குடிமகனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அம்மாநிலச் சட்டம் அரசு ஊழியர் அனைவரையும் பேரிடர்ப் பணியாளர்களாகவும் கருதுகிறது. அதனால்தான் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூடப்பட்டிருந்த நூலகங்களின் நூலகர்கள் தொலைபேசியை எடுத்து, நோயாளியோடு பழகியவர்களைத் தேடிக் கண்டறியும் தொடர்புத் தடமறிதலில் இறங்க முடிந்தது. என் கருத்தில் அந்த வேலைக்கு நூலகர்களைவிடப் பொருத்தமானவர்கள் குறைவு. பதற்றத்தில் இருப்பவரிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டு, சிதறிக் கிடக்கும் விவரங்களை ஒழுங்குபடுத்தி எழுதுவது அவர்களுக்குக் கைவந்த கலை.

"இத்தனை பேருக்கு நோய் வந்த பிறகுதான் அறிவிக்க வேண்டும் என்று கணக்கு உண்டா?" என்று பலர் கேட்பதுண்டு. எல்லா நோய்க்கும் பொதுவான எண்ணிக்கை எதுவும் இல்லை. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பதில் உள்ள ஆபத்தை எங்கள் துறையினர் நன்கு அறிவோம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ கிருமி உடலுக்குள் நுழைந்த பிறகு அறிகுறி தோன்ற 15 முதல் 50 நாட்கள், சராசரியாக 28 நாட்கள் ஆகும். இன்று எங்கள் பட்டியலில் ஏறும் நோயாளிக்குத் தொற்றியது ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்பு. இன்று தொற்றிக்கொண்டிருப்பவர் யார் என்பது அடுத்த மாதம்தான் தெரியவரும். மேலதிகாரி "நிலைமை இன்னும் கைமீறவில்லையே" என்று சொல்லும்போது அவர் பார்த்துக்கொண்டிருப்பது போன மாதத்து நகரத்தை.

அதே கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் நடந்ததை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். அங்கே வீடற்றவர்களிடையேயும் போதைப்பொருள் பயன்படுத்துவோரிடையேயும் பரவிய ஹெபடைடிஸ் ஏ நோயை 2017-இன் தொடக்க மாதங்களிலேயே சுகாதாரத் துறை இனங்கண்டுவிட்டது. அவசரநிலை அறிவிக்கப்பட்டதோ செப்டம்பர் 1 அன்று. கழிப்பறையும் கை கழுவத் தண்ணீரும் இல்லாத தெருக்களில் பரவிய நோய் அது. ஆல்கஹால் கலந்த கைச் சுத்திகரிப்பான் இந்தக் கிருமியிடம் நம்பத்தக்க அளவுக்கு எடுபடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். அறிவிப்பையொட்டிக் கை கழுவும் தொட்டிகள் வந்தன, தெருக்கள் குளோரின் கரைசலால் கழுவப்பட்டன, செவிலியர் தெருத்தெருவாகப் போய்த் தடுப்பூசி போட்டனர். அந்தப் பரவல் ஓய்வதற்குள் 592 பேர் நோயுற்று, 20 பேர் இறந்திருந்தனர். கவுன்டியும் நகரமும் இன்னும் விரைந்து செயல்பட்டிருந்தால் பரவலைக் குறைத்திருக்கலாம் என்று மாநிலத் தணிக்கையாளர் 2018 டிசம்பரில் எழுதினார்.

விரைவு வேண்டும் என்பதற்காக வரம்பு வேண்டாம் என்று ஆகிவிடாது. 2019-இல் நியூயார்க் மாநிலத்தில் தட்டம்மை பரவியபோது இரண்டு நிர்வாகங்கள் இரண்டு விதமாக நடந்துகொண்டன. ராக்லண்ட் கவுன்டியின் தலைவர் மார்ச் 26 அன்று 30 நாள் அவசரநிலை அறிவித்து, தட்டம்மைத் தடுப்பூசி போடாத 18 வயதுக்குட்பட்டோர் பொது இடங்களுக்கு வரக்கூடாது என்று தடை விதித்தார். ஏப்ரல் 5 அன்று நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அவர் கையிலெடுத்த சட்டப்பிரிவு கேட்ட நிபந்தனைகளும், அது அனுமதித்த கால அளவும் அவருடைய ஆணையோடு பொருந்தவில்லை. அதே மாதம் 9 அன்று நியூயார்க் நகர மேயர் பில் டி பிளாசியோ அறிவித்த பொது சுகாதார அவசரநிலையோ, புரூக்ளின் வில்லியம்ஸ்பர்க் பகுதியின் நான்கு அஞ்சல் குறியீடுகளுக்குள் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. மீறினால் 1,000 டாலர் வரை அபராதம். அதையும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அந்த ஆணை நிலைத்தது. எங்கே பரவுகிறதோ அங்கே, எது தடுக்குமோ அதைக் கேட்டதுதான் அதன் பலம் என்று நான் நினைக்கிறேன். ஒரு குழந்தையைப் பூங்காவுக்குள் விடாமல் தடுப்பதைவிட அதற்கு ஓர் ஊசி போடுவது எளிது, பயனும் அதிகம்.

நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியை நூறாண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பெரியம்மைக்காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரச் சுகாதார வாரியத்தின் கட்டாய அம்மைக்குத்தலை மறுத்து 5 டாலர் அபராதத்தை எதிர்த்தவரின் வழக்கில், 1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் நின்றது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் பிளேக் நோயின் பெயரால் சான் ஃபிரான்சிஸ்கோ நிர்வாகம் சீனர் குடியிருப்பைச் சுற்றிக் கயிறு கட்டியது. அதே தெருக்களில் வெள்ளையர்களின் கட்டடங்களை மட்டும் அந்த எல்லைக் கோடு வளைந்து விலக்கியிருந்தது. கிருமி முகவரியைப் பார்க்கும், தோல் நிறத்தைப் பார்க்காது என்பதால் நீதிமன்றம் அந்த முற்றுகையை ரத்து செய்தது. வரைபடத்தில் கோடு போடும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் அந்த வழக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

ஆகவே உங்கள் நகரம் அவசரநிலை அறிவித்தால் செய்தித் தலைப்போடு நின்றுவிடாமல் மூல ஆவணத்தைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் நாலைந்து பக்கம்தான் இருக்கும். தொடக்கத்தில் வரும் 'ஆகையால்', 'எனவே' என்ற வாசகங்கள் வெறும் அலங்காரம் இல்லை. அவற்றில் ஒவ்வொரு எண்ணையும் எங்கள் நோயாளிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் சட்டப் பிரிவினர் விட மாட்டார்கள். ஒருமுறை ஒரே நோயாளி இரண்டு மருத்துவமனைகளின் பட்டியலில் இருந்ததைக் கண்டுபிடித்து, நள்ளிரவில் 38 என்பதை 37 ஆக்கிய பிறகுதான் எங்கள் வரைவு மேயரின் மேசைக்குப் போனது. எந்தச் சட்டப்பிரிவின்கீழ் அறிவிக்கப்படுகிறது, யார் கையொப்பமிட்டார், மன்றம் எத்தனை நாளுக்குள் அதை ஏற்க வேண்டும், எப்போது மறுஆய்வு ஆகியவற்றைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் அதிகாரி ஒருவர் அறிவித்தால் ஏழு நாட்களுக்குள் மன்றம் உறுதிசெய்ய வேண்டும். இல்லையேல் அது காலாவதியாகும். 60 நாட்களுக்கு ஒருமுறையாவது அதன் தேவை மறுபடி ஆராயப்பட வேண்டும். உங்களை ஏதாவது செய்யச் சொல்கிறதா, கூடாதென்கிறதா என்பதை அறிவிப்பிலும், தனியாக வரும் சுகாதார ஆணையிலும் தேடுங்கள். இரண்டிலும் அப்படி எதுவும் இல்லை என்றால் உங்கள் அன்றாடத்தின்மீது சட்டப்படி புதிய தடை எதுவும் இல்லை.

மருத்துவரைப் பார்ப்பதை எந்த அவசரநிலையும் தடுப்பதில்லை. தட்டம்மை என்று சந்தேகம் இருந்தால் மட்டும் புறப்படும் முன் மருத்துவமனைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுங்கள். நோயாளி இருந்துவிட்டுப் போன அறையின் காற்றில் அந்தக் கிருமி இரண்டு மணி நேரம் வரை தொற்றக்கூடியதாக இருக்கும். காத்திருப்போர் கூடத்தில் கைக்குழந்தைகள் இருப்பார்கள். அந்தத் தாயிடம் வண்டியை விட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானே முகக்கவசத்தோடு வெளியே போய்ப் பின் இருக்கையில் சுருண்டு கிடந்த சிறுவனைப் பார்த்தேன். தட்டம்மைதான். அன்று மாலைக்குள் செவிலியர்கள் ஒவ்வொரு வீடாகப் போய், அந்த விழாவுக்கு வந்திருந்தவர்களில் தடுப்பூசி போடாத ஐந்து குழந்தைகளுக்கும் போட்டு முடித்தார்கள்.

நோய் ஓய்ந்த பிறகும் அவசரநிலை ஏன் தொடர்கிறது என்ற எரிச்சல் நியாயமானது. அதற்கும் கணக்கு உண்டு. தட்டம்மைக்கு அதிகபட்ச நோயரும்பு காலம், அதாவது தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்றும் வரையான காலம், 21 நாள் என்று கொண்டு, அதைப் போல் இரு மடங்கு, அதாவது 42 நாள் புதிய நோயாளி இல்லை என்றால்தான் பரவல் முடிந்தது என்போம். நியூயார்க் நகரம் 2019 செப்டம்பர் 3 அன்று முடிவை அறிவித்தது அப்படித்தான். அதற்குள் நோயாளிகளின் எண்ணிக்கை 649 ஆகியிருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் கொரோனா அவசரநிலை 2023 பிப்ரவரி 28 வரை, மூன்றாண்டுகள் நீடித்தது. தொடங்கும்போது கேட்கும் கேள்விகளை அத்தனை நீண்ட காலத்தின் நடுவிலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏனெனில் சலுகையாகக் கிடைத்த வேகம் நிர்வாகத்துக்கு விரைவில் பழகிவிடும்.

எங்கள் நகரத்தில் அந்தத் தொட்டிகளைக் கொண்டுவந்த அவசரநிலையை முடித்துவைத்த தீர்மானம், மன்றக் கூட்டத்தில் தெருவிளக்குப் பராமரிப்புக்கும் வாகன நிறுத்துமிடக் கட்டணத்துக்கும் இடையே ஒரு நிமிடத்தில் நிறைவேறியது. செய்தியாளர் இருக்கைகள் காலியாக இருந்தன. மறுநாள் கை கழுவும் தொட்டிகளை அப்புறப்படுத்தச் சொல்லி எழுதினேன். வழக்கமான விதிகள் திரும்ப வந்துவிட்டதால் அகற்றும் பணிக்கு மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும் என்று நிதிப் பிரிவு குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியது. தண்ணீர் வற்றிய அந்தத் தொட்டிகள் மேலும் ஏழு வாரம் தெருவோரங்களில் நின்றன.