பழசு எதனால் போச்சு?

இன்ஜின் போன காரை டோ வண்டியிலிருந்து இறக்கக்கூட இல்லை, அதற்குள் உரிமையாளர் போனை நீட்டிவிடுவார். யாரோ விற்கிற இன்ஜினின் படம், கீழே 'கம்மி கிலோமீட்டர்' என்று ஒரு வரி. "இதை வாங்கிடலாமா?" 15 வருடமாக வேகக் கார்களின் இன்ஜின்களைப் பிரித்துக் கோர்க்கிறேன். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பழசு எதனால் போச்சு?

பெரும்பாலும் பதில் இருக்காது.

ஒருமுறை டர்போ வைத்த நாலு சிலிண்டர் பாக்ஸர் இன்ஜின் (சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் வகை) கார் ஒன்று வந்தது. பிஸ்டனைத் தாங்கும் ராடு கிராங்க் தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் ராடு பேரிங் போய், வேறொரு பட்டறையில் இன்ஜினையே மாற்றியிருந்தார்கள். மூன்றே வாரத்தில் மாற்றிய இன்ஜினும் தட்ட ஆரம்பித்துவிட்டது. ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன். மடிப்புக்கு மடிப்பு மினுமினுவென்று உலோகத் துகள். இன்ஜினை மாற்றியவர்கள் ஆயிலைக் குளிர்விக்கும் பழைய ஆயில் கூலரை அப்படியே மாட்டியிருந்தார்கள். முதல் இன்ஜினின் பேரிங் துகள் கூலரின் குறுகலான பாதைகளில் தங்கியிருந்து, இரண்டாவதையும் தின்றுவிட்டது. ஃபில்டர் தடுக்காதா என்பீர்கள். ஃபில்டரில் பைபாஸ் வால்வு உண்டு. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, வடிகட்டாத ஆயிலே பேரிங்குக்குப் போய்விடும்.

கூலரை எவ்வளவு கழுவினாலும் நான் நம்பமாட்டேன். புதுசு போடுங்கள். ஆயில் லைன்களையும் டர்போவையும் கழற்றிப் பாருங்கள். இன்ஜின் விலையைப் பேசும்போதே இந்தச் செலவையும் சேர்த்துப் பேசுங்கள்.

சில இன்ஜின்களில் பலவீனம் பிறவியிலேயே உண்டு. பிஎம்டபிள்யூ எஸ்65 வி8 இன்ஜினுக்கு ராடு பேரிங், போர்ஷே எம்96-க்கு ஐஎம்எஸ் பேரிங் (இடைத்தண்டைத் தாங்குவது). அதே மாடலில் இன்னொன்று வாங்கினால் அதே நோயும் சேர்ந்தே வரும். இன்ஜின் வெளியே இருக்கும்போதே அந்த பேரிங்கை மாற்றிவிடுவது நல்லது. காரில் ஏற்றிய பிறகு அது வேறு வேலை, வேறு கூலி.

பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். டொயோட்டாவின் 2ஜேஇசட் இன்ஜினில் ஜிஇ, ஜிடிஇ இரண்டுமே 3 லிட்டர்தான். ஆனால் டர்போ இல்லாத ஜிஇ-யின் கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) சுமார் 10:1, டர்போ உள்ள ஜிடிஇ-க்கு 8.5:1. முதலாவதை வாங்கி டர்போவை மட்டும் மாட்டி, பூஸ்டை, அதாவது டர்போ திணிக்கும் காற்றழுத்தத்தை, ஏற்றினால் என்ன ஆகும் என்று உடைந்த பிஸ்டனே சொல்லும்.

சரி, பழைய இன்ஜினைத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், மீட்டர் எண்ணை மறந்துவிட்டு லீக்டவுன் டெஸ்ட் கேளுங்கள். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுப்பார்கள். பிறகு காதுக்குத்தான் வேலை. எக்ஸாஸ்ட்டில் 'ஸ்ஸ்' என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்கு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் (பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்பு), அல்லது ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல். சிலிண்டரின் அழுத்தத்தை அளந்து சொல்லும் கம்ப்ரஷன் எண் மட்டும் போதாது. சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டாலே அந்த எண் ஏறிவிடும். அப்படி ஏற்றிக் காட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். 'பரிசோதிக்க விடமாட்டேன்' என்பவரிடம் பேரம் பேசவே வேண்டாம்.

பிளாக் நன்றாக இருந்து கிராங்கில் லேசான கீறல் மட்டும் என்றால், என் ஓட்டு காரின் சொந்த இன்ஜினையே சரிசெய்து மறுபடி கட்டுவதற்குத்தான். வயரிங், ஈசியு (இன்ஜினை இயக்கும் கணினி), இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) எதையும் தொட வேண்டாம், இன்ஜின் எண்ணும் மாறாது. பெரிய இன்ஜின் ஆசையா? கியர்பாக்ஸ், பிரேக், ரேடியேட்டர், முன்பக்க எடை எல்லாம் கூடவே பில்லில் ஏறும்.

அந்த பாக்ஸர் காருக்கு வருவோம். புதுக் கூலரோடு மறுபடி கட்டினோம். எரிபொருளை நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி, ஆயில் அழுத்தம் வரும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றினோம். அப்புறம்தான் உயிர் கொடுத்தோம். அரை மணி ஓடியதும் ஆயிலை வடித்து, ஃபில்டரை அவர் கண் முன்னாலேயே அறுத்தேன். மடிப்பில் மயிரிழை போல இரண்டொரு துகள். புதிதாகக் கட்டிய இன்ஜினில் அது சகஜம். அவர் மட்டும் டார்ச்சை வாங்கி இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.