லீவருக்கு அடியில் ஒன்பது கட்டங்கள்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை வீடியோ விளையாட்டில் ரியூ என்ற வீரனின் கையிலிருந்து ஹடூகென் என்ற ஆற்றல் பந்து கிளம்ப வேண்டுமானால் லீவரைக் (ஜாய்ஸ்டிக்) கீழே இறக்கி, கீழ்-முன் மூலைக்கு உருட்டி, முன்னே கொண்டுவந்து குத்துப் பட்டனைத் தட்ட வேண்டும். சண்டை விளையாட்டுக்காரர்கள் இதை 236 என்று எழுதுவார்கள். கணினி விசைப்பலகையின் வலப்பக்க எண்களை மனதில் வைத்த கணக்கு அது: நடுநிலை 5, கீழே 2, கீழ்-முன் 3, முன்னே 6. எகிறிக் குத்தும் ஷோரியூகென் என்றால் 623. ஹடூகென் வராத சமயத்தில் பயிற்சி மோடில் உள்ளீட்டுப் பட்டியலைத் திறந்து பார்த்தால் 2 இருக்கும், 6 இருக்கும், இடையில் வரவேண்டிய 3 மட்டும் இருக்காது. கை சரியாகத்தான் உருண்டது. கோளாறு பெரும்பாலும் லீவரின் அடிப்பக்கத்து வடிவக்கணக்கில் இருக்கிறது.

ஜப்பானிய லீவர்களில் அதிகம் புழங்குவது சன்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப். அதைக் கவிழ்த்துப் பார்த்தால் நடுவில் ஓர் இரும்புத் தண்டு. அது ஒரு பிளாஸ்டிக் உருண்டைக் கீலில் உட்கார்ந்து எல்லாத் திசையிலும் சாயும். விட்டால் நிமிர்த்த ஒரு ஸ்பிரிங். தண்டின் அடிமுனையில் ஆக்சுவேட்டர் எனப்படும் பிளாஸ்டிக் உருளை, அதைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு மைக்ரோசுவிட்சுகள். கீல் நடுவில் இருப்பதால் மேலே குமிழை வலப்புறம் தள்ளினால் அடிமுனை இடப்புறம் போகும். எனவே வலது திசைக்கான சுவிட்ச் இடப்பக்கம்தான் இருக்கும். முதன்முறை ஒயர் போடுபவர் இதை மறந்து எல்லாத் திசையையும் தலைகீழாக இணைத்துவிடுவது மிகச் சாதாரணம்.

நான்கே சுவிட்சுகள், எட்டுத் திசைகள். மூலைத் திசைக்கென்று தனி சுவிட்ச் கிடையாது. 'கீழே', 'முன்னே' இரண்டும் ஒரே நேரத்தில் மூடியிருந்தால் அதுவே 3. ஆக்சுவேட்டர் நடுவிலிருந்து குறிப்பிட்ட தூரம் வலமாக நகர்ந்தால் ஒரு சுவிட்ச், கீழாக நகர்ந்தால் இன்னொன்று. இந்த எல்லைகளைத் தாளில் கோடாக வரைந்தால் பிள்ளைகள் வட்டமும் பெருக்கலும் போட்டு விளையாடும் ஒன்பது கட்டம் கிடைக்கும். நடுக்கட்டம் நியூட்ரல், நான்கு பக்கக் கட்டங்கள் நேர்த் திசைகள், நான்கு மூலைக் கட்டங்கள் குறுக்குத் திசைகள். எந்த லீவரானாலும், மேலே கைக்கு எப்படித் தோன்றினாலும், அடியில் இருப்பது இந்தக் கட்டம்தான்.

தண்டு எதுவரை சாயலாம் என்று தடுக்கும் பிளாஸ்டிக் சட்டத்துக்கு கேட் என்று பெயர். அது இந்தக் கட்டத்தின் வெளி விளிம்பை வெட்டுகிறது, அவ்வளவே. ஆனால் எப்படி வெட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நடுவிலிருந்து சுவர் 10 அலகு தூரத்தில் இருக்கட்டும், சுவிட்ச் 6 அலகில் மூடட்டும். கேட் வட்டமாக இருந்தால், விளிம்பில் ஒவ்வொரு நேர்த் திசைக்கும் சுமார் 74 பாகை போய்விடும், குறுக்குத் திசைக்கு 16 பாகைதான் மிஞ்சும். விளிம்பில் ஒரு முழுச் சுற்று சுற்றினால் குறுக்குத் திசைகளின் பங்கு 18 சதவீதம். அதே எண்களை வைத்து சதுர கேட் போட்டால், 20 அலகு நீளமுள்ள ஒவ்வொரு பக்கத்திலும் நடு 12 அலகு நேர்த் திசைக்கு, இரு ஓரத்திலும் நான்கு நான்கு அலகு மூலைகளுக்கு. குறுக்குத் திசைகளின் பங்கு 40 சதவீதமாகிவிடுகிறது. சுவிட்ச் 6-க்குப் பதில் 4 அலகிலேயே மூடினால் வட்டத்தில் 48 சதவீதம், சதுரத்தில் 60.

ஜப்பானிய லீவர்கள் பெரும்பாலும் சதுர கேட்டோடு வருவதற்கு வலுவான நியாயம் இதுதான். முனைகள் மூலைத் திசைகளை நோக்கி இருக்கும். லீவரை மூலையில் முட்டவிட்டால் கண்ணை மூடிக்கொண்டும் 1 அல்லது 3 வரும். புதிதாக வாங்குபவர்கள் சதுரம் 'கரடுமுரடாக' இருக்கிறது என்று எட்டுமூலை கேட்டுக்கு மாறுகிறார்கள். நேர்த் திசைக்கும் ஒரு பள்ளம் கிடைக்கும், உண்மை. கூடவே மூலைக் கட்டத்தின் இடம் சுருங்கும், 3 வராமல் போவது கூடும். சதுரத்தோடு ஒரு மாதமாவது பழகிவிட்டு முடிவெடுப்பது நல்லது. சுவரைத் தேய்த்துக்கொண்டே சுற்றும் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். சுவிட்ச் மூடுவது சுவருக்கு முன்பே என்பதால் சுவர்வரை போவது வீண் பயணம்.

கட்டத்தையே மாற்றவும் வழி உண்டு. ஆக்சுவேட்டரின் விட்டத்தை 1 மி.மீ. கூட்டினால் அது ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ. முன்னதாகச் சுவிட்சைத் தொடும். நடுக்கட்டம் சிறுக்கும், மூலைகள் பெருக்கும். ஆனால் லீவரைச் சட்டென்று விட்டால் ஸ்பிரிங் அதை நடுவைத் தாண்டி மறுபக்கம் ஆட்டும். நடுக்கட்டம் சிறியதாக இருந்தால் அந்த ஆட்டமே எதிர்த்திசை உள்ளீடாகப் பதிவாகிவிடும். பின்னே பிடித்துத் தடுத்துக்கொண்டிருந்தவர் விட்டவுடன் ஒரு ஃப்ரேம் (திரையில் ஒரு படம் நிற்கும் நேரம்) முன்னே நகர்ந்து அடி வாங்குவது இப்படித்தான். பெரிய ஆக்சுவேட்டர் போட்டால் கூடவே கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங்கும் போட வேண்டும்.

கொரியாவில் வேறு வழி. அங்கே தண்டைப் பிடித்திருப்பது ஸ்பிரிங் அல்ல, ஒரு ரப்பர் வளையம். சாய்க்கச் சாய்க்க எதிர்ப்பு ஏறும், விட்டால் ஆட்டமின்றி நடுவில் நிற்கும், சுற்றிலும் மூலை கிடையாது. டெக்கன் என்ற சண்டை விளையாட்டில் பின்னோக்கித் தொடர்ந்து வழுக்கிப் போகும் கொரியன் பேக்டேஷுக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் பின், கீழ்-பின், மறுபடி பின் என்று சின்னச் சின்ன அசைவுகள் வேண்டும், நடுநிலை துல்லியமாகத் திரும்பக் கிடைக்க வேண்டும். ரப்பர் அதற்கென்றே செய்தது போலிருக்கும். ரப்பர் தளர்ந்துபோகும் பொருள் என்பதால் மாற்று வளையம் கையிருப்பில் இருக்க வேண்டும்.

இனி மின்சாரம். ஒவ்வொரு சுவிட்சும் ஒரு ஒயரைக் கிரவுண்டோடு, அதாவது பூஜ்ய மின்னழுத்தத்தில் உள்ள ஒயரோடு, சேர்க்கிறது. பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டு அந்த ஒயரை ஒரு மின்தடை வழியாக மேல் மின்னழுத்தத்தில் பிடித்து வைத்திருக்கும். சுவிட்ச் மூடியதும் அது பூஜ்யத்துக்கு விழும். விழுந்தால் 'அழுத்தப்பட்டது' என்று பொருள். 1985-இல் வந்த ஜாமா தரத்தின்படி இயங்கிய, காசு போட்டு ஆடும் ஆர்கேட் கேபினெட்டும் இப்படித்தான், இன்றைய மலிவான ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டும் இப்படித்தான். ஜாமாவின் 56 முனை இணைப்பு ஒன்றிலேயே மின்சாரம், படம், ஒலி, நாணயம், இரண்டு பேரின் லீவரும் பட்டன்களும் அடங்கிவிடும். ஆனால் ஒருவருக்கு மூன்று பட்டன் என்ற கணக்கில் வகுத்த தரம் அது. 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆறு பட்டனோடு வந்தபோது உதைப் பட்டன்கள் மூன்றுக்கும் தனி ஒயர்க்கொத்து இழுக்க வேண்டியதாயிற்று. 1987-இன் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு இன்னொரு வடிவமும் உண்டு. பெரிய ரப்பர் திண்டுகளைக் குத்தும் வேகத்தை வைத்து அடியின் பலத்தைத் தீர்மானித்த கேபினெட் அது. ஆறு பட்டன் அமைப்புதான் நிலைத்தது.

விளையாட்டு நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிறது. ஒவ்வொரு ஃப்ரேமும் 16.67 மில்லிநொடி. ஃப்ரேமுக்கு ஒருமுறை லீவரின் நிலையைப் படிக்கும் விளையாட்டில், மூலைக் கட்டத்தை அதைவிட வேகமாகக் கடந்தால் இரு வாசிப்புகளுக்கு நடுவே 3 தொலைந்துபோகலாம். போர்டு கணினிக்கு யுஎஸ்பி வழியாக 8 மில்லிநொடிக்கு ஒருமுறை செய்தி அனுப்பினால் சராசரியாக 4 மில்லிநொடி தாமதம், 1 மில்லிநொடிக்கு ஒருமுறை என்றால் அரை மில்லிநொடி. இன்னொரு சிக்கல் சுவிட்சிலேயே இருக்கிறது. இரண்டு உலோகத் தகடுகள் மோதும்போது ஒட்டுவதற்கு முன் சில முறை துள்ளும். இதை வடிகட்ட, போர்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் சில மில்லிநொடி கவனிக்காமல் விடும். அந்த எண்ணைப் பூஜ்யமாக்கினால் வேகம் கூடும் என்று நினைப்பவர்கள், ஒரு தட்டலுக்கு இரண்டு குத்து விழுவதைப் பார்த்துக் குழம்புவார்கள். 5 மில்லிநொடி பெரும்பாலும் போதும்.

இந்தக் கணக்குகள் சொந்த லீவர் வைத்திருப்பவர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியமாயின என்பதற்கு ஒரு ஆண்டு இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் 1996-இல் ஆர்கேட் கேபினெட்டுகளில் தொடங்கிய 'பேட்டில் பை தி பே' என்ற சண்டை விளையாட்டுப் போட்டி, 2002-இல் ஈவோ என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2004-இல் கன்சோலுக்கு மாறியது. கேபினெட்டில் எல்லாருக்கும் ஒரே லீவர். கன்சோல் என்றால் அவரவர் லீவரும் பட்டன்களும் பொருத்திய தங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். அந்த 2004 ஈவோவில்தான் டைகோ உமெஹாரா, எதிராளி ஜஸ்டின் வாங் ஆட்டிய சுன்-லீ என்ற பாத்திரம் வீசிய 15 அடி சூப்பர் தாக்குதலை, தடுத்தாலே உயிர் போகும் நிலையில் இருந்த தன் பாத்திரமான கென்னை வைத்து, ஒவ்வொரு அடியாகப் பாரி செய்து ஜெயித்தார். அவர்கள் ஆடிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்கில் பாரி என்பது அடி படும் கணத்தில் லீவரை முன்னே தட்டுவது. முன்னேயே பிடித்துக்கொண்டிருந்தால் வராது. ஒவ்வொரு அடிக்கும் 5-க்குத் திரும்பி மறுபடி 6. நடுக்கட்டத்தின் அகலமும் ஸ்பிரிங்கின் நேர்மையும் அந்தத் திரும்பலில்தான் வேலை செய்கின்றன. நூறு தடவை பார்த்தாலும் சிலிர்க்க வைக்கும் ஆட்டம் அது.

லீவருக்கு ஒரு நல்ல குணம்: இடமும் வலமும் ஒரே நேரத்தில் போக முடியாது. ஹிட்பாக்ஸ் போன்ற, லீவரே இல்லாமல் திசைக்கும் பட்டன் வைத்த பெட்டிகளில் இது முடியும். இடத்தை விடாமல் வலத்தை அழுத்தினால் எது செல்லும்? 'கடைசியாக அழுத்தியதே செல்லும்' என்று வைத்தால், சற்று நேரம் பின்னே பிடித்து (சார்ஜ்) பிறகு முன்னே தட்டித் தாக்கும் பாத்திரமான கைல், பின்னே சார்ஜ் பிடித்தபடியே முன்னே தட்டி சானிக் பூம் என்ற தாக்குதலை விடலாம், விரலை எடுத்த கணமே அடுத்த சார்ஜ் தொடங்கிவிடும். லீவர்காரர் நடுக்கட்டத்தைக் கடந்து போய்த் திரும்பும் நேரம் அவருக்கு மிச்சம். இது நியாயமில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டரை உருவாக்கிய கேப்காமின் போட்டிகளில் எதிரெதிர் திசைகள் சேர்ந்தால் நியூட்ரல் என்ற விதி இருப்பது சரியே. பெட்டியைப் போட்டிக்கு எடுத்துப்போகும் முன் இந்த அமைப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் பட்டனை மேல்பலகையில் வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். ஆட்டத்தின் நடுவே தவறிப்போய் அதை அழுத்தி ஆட்டம் இடைநின்றால் அந்த ரவுண்டையே இழக்க நேரும்.

சொந்தமாகக் கட்ட விரும்பினால் பெரிய பொருட்செலவு லீவரும் பட்டன்களும்தான். பட்டன் துளை 30 மி.மீ., லீவர் துளை 24 மி.மீ., பட்டன் மையங்களுக்கிடையே சுமார் 36 மி.மீ. அழுத்திப் பொருத்தும் வகைப் பட்டன் மெல்லிய உலோகத்தையும் அக்ரிலிக்கையும்தான் பிடிக்கும். பிளைவுட் என்றால் மரை போட்டு இறுக்கும் வகையை வாங்குங்கள். ஜேஎல்எஃப் தண்டு குட்டையானது என்பதால் தடித்த பலகையில் அடியிலிருந்து குடைந்து லீவரை மேலே ஏற்ற வேண்டும், இல்லையேல் குமிழ் பலகையோடு ஒட்டி நிற்கும். பெட்டி மடியில் வழுக்காதிருக்க 2.5 முதல் 3 கிலோ எடை இருப்பது வசதி.

போர்டுக்கு பிக்கோவில் ஜிபி2040-சிஇ என்ற திறந்த மூல ஃபர்ம்வேரைப் போடலாம். பிக்கோவின் மேல் உள்ள பூட்செல் பட்டனை அழுத்தியபடி யுஎஸ்பியில் செருகினால் பென் டிரைவ் போலத் தோன்றும். ஃபர்ம்வேர் கோப்பை அதில் இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. கணினியில் இது போதும். பிளேஸ்டேஷன் 4 உரிமச் சோதனை செய்யும், தேறாத போர்டை சுமார் 8 நிமிடத்தில் துண்டித்துவிடும். அங்கே விளையாட அந்தச் சோதனையில் தேறும் போர்டு வேண்டும்.

ஜப்பானிய பட்டன்களுக்கு 2.8 மி.மீ. டெர்மினல், ஹாப் போன்ற அமெரிக்க பட்டன்களின் சுவிட்சுகளுக்கு 4.8 மி.மீ. பெரியதை நசுக்கிச் சிறியதில் மாட்டினால் அன்று வேலை செய்யும், போட்டியன்று கழன்றுவிடும். பட்டனின் இரண்டு கால்களில் எது சிக்னல், எது கிரவுண்ட் என்ற பேதமில்லை. கிரவுண்டை ஒரே ஒயராக ஒவ்வொரு பட்டனாகத் தொட்டு இழுத்துச் செல்லலாம். ஆனால் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பால் உள்ள அத்தனை பட்டனும் சேர்ந்து செத்துவிடும். ஒரே நேரத்தில் மூன்று பட்டன் போனால் பட்டனைக் குறை சொல்லாமல் முதலில் அந்தக் கிரவுண்டைப் பாருங்கள். லீவரின் ஐந்து ஒயர்களை நிறத்தை நம்பி இணைக்காமல், மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து ஒவ்வொரு திசையாகச் சாய்த்துக் கண்டுபிடியுங்கள். மேலே தள்ளினால் இடப்புறம் நடக்கிறான் என்றால் லீவரையே 90 பாகை திருப்பிப் பொருத்தியிருக்கிறீர்கள்.

ஓராண்டு ஆடிய ஜேஎல்எஃப் கிறீச்சிட்டாலோ கரகரத்தாலோ கீல் காய்ந்துவிட்டது. ஸ்பிரே எண்ணெய் அடிக்காதீர்கள். அது சுவிட்சுக்குள் இறங்கும், தூசியைச் சேர்க்கும். தண்டின் அடியில் உள்ள காடியில் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு குமிழைக் கழற்றுங்கள். கேட்டையும் சுவிட்ச் போர்டையும் எடுத்துவிட்டு, ஆக்சுவேட்டரை ஸ்பிரிங்குக்கு எதிராக அழுத்தியபடி அடிமுனையில் இருக்கும் சின்ன ஈ-கிளிப்பை நெம்புங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் இரு கைகளையும் விட்டுக்கொண்டு இதைச் செய்தால் கிளிப் துள்ளி ஓடாது. உருண்டைக் கீலையும் அது உட்காரும் குழியையும் உலர்ந்த துணியால் துடைத்து, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸை விரல்நுனியில் மெல்லிய படலமாகத் தடவி, கழற்றிய வரிசைக்கு நேர்மாறாகப் பூட்டுங்கள். பிறகு பயிற்சி மோடைத் திறந்து, லீவரை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றி எட்டு எண்களும் வரிசையாக வருகின்றனவா என்று பாருங்கள். அடுத்து ஐம்பது ஹடூகென் போட்டு, 3 விடுபட்டவை எத்தனை என்று எண்ணுங்கள், இடப்பக்கம் நின்று ஐம்பது, வலப்பக்கம் நின்று ஐம்பது.