ஒற்றைப் பீப்பாய் விஸ்கியின் லேபிளைப் படிப்பது எப்படி?

பெரிய பிராண்டு ஒன்றின் 12 வருட சிங்கிள் மால்ட்டை (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து காய்ச்சிய விஸ்கி) போன வருடம் வாங்கினாலும் இந்த வருடம் வாங்கினாலும் ருசி ஏறத்தாழ ஒன்றுதான். ஏகப்பட்ட பீப்பாய்களைக் கலந்து அந்த ஒரே ருசியைக் கொண்டுவருவதற்கென்றே அங்கே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். ஸ்காட்லாந்தின் இன்டிபென்டன்ட் பாட்டிலர்கள் இதற்கு நேர் எதிர். இவர்களில் பலர் சொந்தமாகச் சரக்கு காய்ச்சுவதில்லை. வடிசாலைகளிடமோ தரகர்களிடமோ பீப்பாயாக வாங்கி, கிடங்கில் போட்டு வைத்து, பதம் வந்தது என்று தோன்றும்போது பாட்டிலில் அடைக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு பீப்பாயை இன்னொன்றோடு கலக்காமலே. 1842-ல் தொடங்கிய கேடன்ஹெட்டும் 1895-ல் எல்ஜின் நகரில் மளிகைக் கடையாகத் தொடங்கிய கார்டன் அண்ட் மெக்ஃபெயிலும் இந்தத் தொழிலில் பழைய பெயர்கள்.

இப்படி வரும் பாட்டிலின் லேபிளில் காய்ச்சிய வருடம், அடைத்த வருடம், பீப்பாய் வகை, அதன் எண், மொத்தம் எத்தனை பாட்டில் தேறியது, ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று தசமப் புள்ளி வரை போட்டிருப்பார்கள். வாங்குகிறவருக்கு அது கௌரவம். எனக்கென்னவோ அது சோதனைக்கூட நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் மாதிரிதான் தெரிகிறது.

முளைகட்டிய பார்லியைப் புளிக்க வைத்து, தாமிரக் கொப்பரையில் வழக்கமாக இரண்டு முறை காய்ச்சினால் வருவது தண்ணீர் போல நிறமே இல்லாத, 70 சதவீத அளவுக்கு ஆல்கஹால் உள்ள திரவம். அதில் தண்ணீர் சேர்த்து வழக்கமாக 63.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்து பீப்பாயில் ஊற்றுகிறார்கள். 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது 3 வருடம் ஊறினால்தான் சட்டப்படி அது ஸ்காட்ச். நிறமும் மணமும் பெரும்பகுதி அந்த ஊறலில் வருபவை.

பீப்பாய் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே போர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புது ஓக்கில்தான் வைக்க வேண்டும் என்று சட்டம். ஒரு முறை பயன்படுத்திய 200 லிட்டர் பீப்பாய் அவர்களுக்கு மறுபடி போர்பனுக்கு ஆகாது. ஸ்காட்லாந்துக்காரர்கள் அதை வாங்கிக்கொள்கிறார்கள். பலகைகளைக் கழற்றிச் சேர்த்து 250 லிட்டர் பீப்பாயாகவும் மாற்றுவதுண்டு. வெள்ளை ஓக்கின் நீர்க்குழாய்களை மரமே உள்ளுக்குள் அடைத்துக்கொள்கிறது. அதனால் ஒழுகாது, ஆனால் காற்று மெல்லப் போய்வரும்.

உள்ளே மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. கருகிய பரப்பு, தண்ணீர் வடிகட்டியில் இருக்கும் கரி போல, புதுச் சரக்கின் கந்தக நாற்றத்தை இழுத்துக்கொள்கிறது. மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலின் ஆகிறது. வனிலா ஐஸ்கிரீமில் மணப்பதும் இதே மூலக்கூறுதான். ஓக் லாக்டோன் தேங்காய் வாசனை தருகிறது. மூன்றாவதுதான் நிதானமானது: மரத்தின் வழியே நுழையும் ஆக்சிஜன் ஆல்கஹாலில் கொஞ்சத்தை அமிலமாக்க, அமிலம் மிச்ச ஆல்கஹாலோடு சேர்ந்து எஸ்டர்களாகிறது. பழ வாசனை அங்கிருந்து. மரத்தின் சாரம் முதல் சில வருடங்களிலேயே வேகமாக இறங்கிவிடும். எஸ்டர் விவகாரத்துக்கு அவசரமே கிடையாது.

இதனால்தான் 25, 30 வருடம் வைக்க நினைப்பவர்கள் பல முறை பயன்படுத்திய பீப்பாயைத் தேடுகிறார்கள். அதே டீத்தூளில் மறுபடி போட்ட டீ போல அது மெதுவாகத்தான் இறங்கும். வீரியமான பீப்பாயில் அவ்வளவு நாள் விட்டால் பாக்கு மென்றதுபோல் நாக்கு துவர்த்துவிடும். வயது கூடினால் ருசியும் கூடும் என்பது விலைப்பட்டியலின் வாதம், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தப் பாட்டில் எண்ணிக்கை. ஸ்காட்லாந்துக் கிடங்கில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. தேவதைகளின் பங்கு என்பார்கள். 250 லிட்டர் பீப்பாய்க்குக் கணக்குப் போட்டால் 25 வருடத்தில் ஏறத்தாழ 150 லிட்டர், அதாவது சுமார் 700 மில்லி பாட்டில் 215 மிஞ்சும். பெங்களூரில் அம்ருத் வடிசாலையின் மால்ட் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கும் மேல் ஆவியாகிறது. அங்கே 25 வருடம் காத்திருந்தால் பீப்பாய்தான் மிஞ்சும். ஆவியைக் குடித்து வாழும் பவுடோய்னியா என்ற பூஞ்சை கிடங்குச் சுவர்களில் கரி பூசியதுபோல் படர்ந்திருக்கும். தேவதைகளைப் பற்றி எனக்குத் தெரியாது, இதைக் கண்ணால் பார்க்கலாம்.

காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஸ்காட்லாந்தில் தண்ணீர் ஆவியாவது குறைகிறது, ஆல்கஹால் முந்திக்கொள்கிறது. சதவீதம் வருடா வருடம் இறங்கும். 40-க்குக் கீழே போனால் அதை ஸ்காட்ச் என்று விற்க முடியாது. பழைய பீப்பாய் வைத்திருப்பவர்களின் பயமே இதுதான். கார்டன் அண்ட் மெக்ஃபெயில் 1940-ல் நிரப்பிய கிளென்லிவெட் வடிசாலைப் பீப்பாய் ஒன்றை 80 வருடம் கழித்து 2020-ல் திறந்தபோது 44.9 சதவீதம் இருந்தது. 250 பாட்டில் தேறியது.

தண்ணீர் கலக்காத இந்த மாதிரிச் சரக்கில் சில துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். சர்பத் கரைவதுபோல் முதலில் நெளியும், பிறகு லேசாகக் கலங்கும். நீண்ட கொழுப்பு அமிலங்களின் எஸ்டர்கள் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. அவற்றில் ஒன்று லாரிக் அமிலத்திலிருந்து வருவது. மார்கழியில் உறையும் நம் தேங்காய் எண்ணெயில் அதிகம் இருப்பதும் அதே அமிலம்தான். பெரிய நிறுவனங்கள் பல, கலங்கலைத் தவிர்க்க விஸ்கியைக் குளிரவைத்து இவற்றை வடிகட்டிவிடுகின்றன. இன்டிபென்டன்ட் பாட்டிலர்கள் பெரும்பாலும் விட்டுவைக்கிறார்கள்.

சரி, சில லேபிள்களில் எல்லா எண்ணும் இருக்கும், வடிசாலையின் பெயர் மட்டும் இருக்காது. பீப்பாயை விற்கும்போதே வடிசாலைக்காரர்கள் வேறொரு வடிசாலையின் மால்ட்டை ஒரு கரண்டி அளவு கலந்துவிடுவார்கள். தங்கள் பெயரைப் போட்டு யாரும் விற்கக் கூடாது என்பதற்காக. இருநூற்றுச் சொச்சம் லிட்டரில் அந்தக் கரண்டியை எந்த மூக்கும் கண்டுபிடிக்காது. ஆனால் அந்தக் கணத்திலிருந்து சட்டத்தின் கண்ணில் அது சிங்கிள் மால்ட் இல்லை, பிளெண்டட் மால்ட்.